அமெரிக்கவியலுக்கு இரண்டு பிடிக் கொழுந்து

எங்கள் கல்லூரியின் அமெரிக்கவியல் துறையில் அப்போது ஏழு ஆசிரியர்கள் இருந்தோம். ஏழு பேரில் ஒருவரும் அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. வானியல் படித்தவனெல்லாம் சந்திரனுக்குப் போய்விட்டா வருகிறான் என்று துறைத்தலைவர் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். ஏழு பேரில் நான் மட்டும் தற்காலிகம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பேன்.

ஆண்டுதோறும் துறை ஒரு சாதனை மலர் போடும். ஆசிரியர் சாதனைகள், மாணவர் சாதனைகள் என்று இரண்டு பகுதிகள். தொகுப்பது என் வேலை. ஒரு ஆசிரியர் சென்னையில் ஒரு நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தது ஓராண்டுச் சாதனை. உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்தது மறு ஆண்டுச் சாதனை. அமெரிக்க அதிபருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிய மாணவனுக்கு அச்சடித்த நன்றி அட்டை ஒன்று வந்தது, அதற்கு அரைப்பக்கம். அதிபர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்த மாணவிக்கு ஐந்து வரி. ஒப்பித்து முடித்ததும் அவள் மயங்கி விழுந்ததை எழுத வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டுதான் உண்மையிலேயே ஒரு சாதனை வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் வெளியிடும் தொகுப்பில் தலைவரின் கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. அங்குள்ள பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த பெண்களின் வாக்குமூலங்களையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பேச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுதிய கட்டுரை. நல்ல கட்டுரை. நல்ல கட்டுரை என்பதால்தான் அது தலைவர் எழுதியதல்ல என்று எங்களுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து உதவித்தொகையில் வந்து எங்களிடம் எம்.ஏ. படித்துவிட்டுப் போன செல்வராணியின் ஆய்வேடு அது. "பாத்து எங்கயாவது அனுப்புறேன்மா" என்று தலைவர் வாங்கி வைத்துக்கொண்டார். சொன்னபடி அனுப்பியும் விட்டார். கடைசிப் பக்க அடிக்குறிப்பில், 'சில்லறை வேலைகளில் உதவிய மாணவி செல்வராணிக்கு நன்றி' என்று ஒரு வரி மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

பதிப்பாசிரியர் அம்மாள் ஒரு கடிதம் எழுதினார். பதினோராம் பக்கத்தில் 'என் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்' என்று வருகிறதே, பேராசிரியரின் தாயார் தேயிலை பறித்தவர் என்று அறிந்து நெகிழ்ந்துபோனோம், அவரைப் பற்றி நாலு வரி எழுதித்தர முடியுமா என்று கேட்டிருந்தார். தலைவரின் தாயார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தேயிலையை அவர் பொட்டலத்தில் பார்த்ததோடு சரி, அந்த வீட்டில் காபிதான். தலைவர் வியர்த்துப்போய், அது களப்பணி உதவியாளரின் வாசகம், தவறி நுழைந்துவிட்டது என்று பதில் போட்டார். அப்படியானால் அந்த உதவியாளர் கட்டுரையில் உரிமை கோரவில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பட்டும் என்று அடுத்த கடிதம் வந்தது.

செல்வராணிக்கு இரண்டு முறை எழுதினோம், பதில் இல்லை. தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. ஒரே ஒரு கையெழுத்து. வந்ததும் உங்க பர்மனன்ட் விஷயத்த முடிச்சுடுவோம்."

ஏழு ஆண்டாகக் காத்திருந்த வாக்கியம். மறுபேச்சுப் பேசவில்லை. இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம், ஊருக்குள் போய்வரச் சிரமம் இல்லை என்றார்கள். மலருக்காக இந்தப் பயணத்துக்கு 'சர்வதேசக் கள ஆய்வு' என்று தலைவரே பெயரும் வைத்துவிட்டார். இப்படி நான் புறப்படும் முன்பே ஒரு சாதனை செய்து முடித்திருந்தேன்.

முதல் நாள் மாணிக்கக்கல்லுக்குப் பேர்போன இரத்தினபுரி வரை ஒழுங்காக வந்த பஸ், பெல்மதுளைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் பெருமூச்சு விட்டு நின்றது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மெக்கானிக் ஆகியிருப்போம். இங்கே ஆளுக்கு ஒரு கொத்து ரம்புட்டான் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் ஒருவர் நாலு பழம் தந்தார். பின்னால் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ விவாதித்தார்கள். பழம் தந்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "நீங்க மாணிக்கக்கல் வியாபாரின்னு ஒருத்தி சொல்றா. இந்தச் சட்டையப் பாத்தா அப்படித் தெரியலையேன்னு மத்தவ சொல்றா" என்று மொழிபெயர்த்தார். சட்டை, கல்லூரி ஆண்டு விழாவுக்கு எடுத்தது.

பெல்மதுளையில் இறங்கியதும் ஒருவர் காகித மடிப்பைப் பிரித்து நீலக்கல் ஒன்றைக் காட்டினார். நான் கல் வாங்க வரவில்லை, அமெரிக்கவியல் ஆசிரியர் என்றேன். அமெரிக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் இன்னொரு மடிப்பைப் பிரித்து இன்னும் பெரிய கல்லைக் காட்டினார். அவரிடமிருந்து தப்பித்து எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் பெயர் ஹனீபா. ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டது. இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அந்தச் சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

"என்ன படிச்சிக் குடுக்கீங்க சேர்?"

"அமெரிக்கவியல்."

"அமெரிக்காவுக்குப் போய் ஈக்கீங்களா?"

"இல்லை."

"ஒங்கட பெரிய சேர்?"

"அவரும் போனதில்லை."

"அங்க இருந்து யாராச்சும் வந்து ஈக்காங்களா?"

"ஒருவர் வந்தார். மதியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளே போய்விட்டார்."

"நான் இன்னம் மக்காவுக்குப் போகல்ல சேர். அதால என்னய ஹாஜியார் எண்டு யாரும் கூப்புட நான் உடுறதில்ல" என்றார் நானா. நான் தேத்தண்ணீர் கேட்டேன்.

நான் தேடிவந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "செல்வராணி டீச்சரப் பாக்கவா?" என்று கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. அதைத் திறந்து காட்டினார், உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள். தோட்டத்து ஆட்களின் தபால் தோட்ட ஆபீசுக்குப் போனால் கைக்கு வந்து சேர்வது அதிர்ஷ்டம். அதனால் எல்லோரும் கடை விலாசத்தைத்தான் கொடுப்பார்களாம்.

"டீச்சர் கிழமைக்கு ஒருக்கா வந்து கேப்பா சேர். இந்தியாவுல இருந்து காயிதம் ஈக்கா நானா எண்டு. ரெண்டு வருசமாக் கேக்குறா."

வாரம் தவறாமல் வந்து கேட்டிருக்கிறாள். அவள் எங்களுக்கு எழுதிய கடிதங்களின் தலைப்பில் இந்தக் கடை விலாசம் இருந்தது. நான்தான் தலைவரிடம் காட்டினேன். சாப்பாட்டுக் கடைக்கெல்லாம் கல்லூரிக் காகிதம் போகக்கூடாது, தோட்டத்துக்கே எழுதுங்கள், அதுதான் கௌரவம் என்றார் அவர். எங்கள் கௌரவம் இரண்டும் தோட்ட ஆபீசில் எங்கேயோ கிடக்கிறது.

இரண்டாம் நாள் ஓப்பநாயக்க போகும் பஸ்ஸில் ஏறி, நானா சொன்ன சந்தியில் இறங்கினேன். அங்கிருந்து ஒரு ஆட்டோ. மழையில் பாதி கரைந்திருந்த ஒரு சின்னப் பாலத்தைக் கண்டதும் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். இதற்கு மேல் வண்டி போகாது, மனிதர் மட்டும் போகலாம் என்று சிங்களத்திலும் சைகையிலும் சொன்னார். மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் சேறு. மூன்று கிலோமீட்டர் நடந்தேன். காலில் ஏறிய அட்டைகளை எண்ணிக்கொண்டே போனேன், ஒன்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது தலைவரின் கடிதம் மட்டும்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே கூடம். அதில் ஐந்து வகுப்புகள், சுவர் இல்லாமல், முதுகோடு முதுகாக. செல்வராணி மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் கணக்கும் அதே மூச்சில் பக்கத்து வகுப்புக்கு அதட்டலும் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"சார்! நீங்களா? வாங்க சார், வாங்க. பெரிய சார் நல்லா இருக்காங்களா? என் கட்டுரைய எங்கயாச்சும் அனுப்பினாங்களா?"

"அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். முதலில் பள்ளிக்கூடம் முடியட்டுமே" என்றேன். பள்ளிக்கூடம் முடிந்தது. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், தன் அறையில் சுடச்சுட ரொட்டியும், தேங்காய்ப்பாலில் பலாக்காய்க் கறியும் தந்தாள். எங்கள் ஊர்க் கல்யாண விருந்துகளில்கூட அப்படி ஒரு கறி சாப்பிட்டதில்லை. கோழைக்குப் பசி அதிகம் போலிருக்கிறது, ஐந்து ரொட்டி உள்ளே போயிற்று.

நேரம் கடத்துவதற்காகச் சாதனை மலரை எடுத்துக் கொடுத்தேன். மாணவர் சாதனைகளில் அவள் பெயரும் இருந்தது. 'செல்வி செல்வராணி அயல்நாட்டில் ஆசிரியப் பணி ஆற்றி வருகிறார்.' அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் வெளிநாட்டுலயா சார் வேல பாக்குறேன்? எங்க லயத்துல இருந்து எட்டி நடந்தா ஸ்கூலு!"

அதை எழுதியவன் நான்தான் என்று சொல்லவில்லை.

அம்மா கொழுந்து நிறுக்கும் நேரம், வாங்க போகலாம் என்று என்னை மடுவத்துக்கு அழைத்துப் போனாள். மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. கூரையில் தராசு தொங்கியது. அருகே கணக்கப்பிள்ளை புத்தகத்தோடு நின்றார். பெண்கள் வரிசையாகக் கூடையை இறக்கினார்கள். செல்வராணியின் அம்மா மாரியாயியைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. பதினோராம் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்தவர் அல்லவா? வெற்றிலைச் சிவப்பும் தலையில் கட்டிய துண்டுமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவருதான் அமெரிக்கா வாத்தியாரா? அட்ட நல்லாக் கடிச்சிருக்கே, தேசிக்கா தேச்சியாடி?" என்று மகளிடம் கேட்டார். தேசிக்கா என்றால் எலுமிச்சம்பழம்.

வரிசையில் பார்வதி என்று ஒரு பெண். காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். கூடையில் பாதிதான் இருந்தது. குறித்த கிலோ சேராவிட்டால் அன்றைக்கு 'அரைப்பேர்'தான், அதாவது அரைநாள் வேலை செய்ததாகத்தான் புத்தகத்தில் ஏறும். அவளுடைய முறை வருவதற்கு முன் முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்கள் தங்கள் கூடையிலிருந்து இரண்டு இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டார்கள். மாரியாயியும் போட்டார். ஒருவரும் மறைத்துச் செய்யவில்லை. கணக்கப்பிள்ளைதான் வானத்தைப் பார்த்து, "மழ வரும் போல" என்றார். மழை ஏற்கனவே பெய்துகொண்டிருந்தது. பார்வதிக்கு முழுப்பேர் விழுந்தது.

திரும்பி லயத்துக்கு வந்ததும் இனிச் சாப்பிட ஒன்றும் இல்லை. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கட்டுரை அமெரிக்காவில் அச்சாகப் போகிறது என்பதையும், யார் பெயரில் என்பதையும் சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்த அதைச் செல்வராணி எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். 'பேராசிரியரின் அறிவுரைப்படி குறிப்பெடுத்ததைத் தவிர இக்கட்டுரையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.' அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது.

"ரெண்டு வருசம் சார். கிழம கிழம அந்த டின்ன தொறந்து பாப்பேன். நானாவே பாவப்பட்டு, இல்லம்மான்னு தூரத்துலயே கைய ஆட்டுவாரு."

மாரியாயி வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் கவலையாகத்தான் கேட்டார்.

"பெரிய சாருக்குக் கொழுந்து காணலையா?"

எனக்குப் புரியவில்லை.

"கிலோ பத்தலையான்னு கேக்குறேன். ஒடம்பு கிடம்பு சரியில்லையா? வயசாயிருச்சா?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது எழுத வேண்டும் என்று மேலிடம் கேட்கிறது. அவரிடம் இல்லை" என்றேன். இருபத்தெட்டு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பேராசிரியரைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக நான் அதுவரை உண்மை பேசியதில்லை.

"அப்ப கேட்டிருந்தா ரெண்டு பிடி போட்டிருப்போமே. பார்வதிக்குப் போடலையா? நாளைக்கு எனக்கு முடியலன்னா அவ போடுவா. ஆனா சார், ரெண்டு பிடிதான் போடுவோம். கூடையோட கவுக்க மாட்டோம். வாங்கிக்கிட்டவ நான்தான் அம்புட்டையும் பறிச்சேன்னு சொல்லவும் மாட்டா. சொன்னா மறுநா அவளுக்கு யாரு போடுவா?" கடிதத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "நான் பேசுனேன், எம் மக எழுதுனா. இவரு எந்த நெரையில நின்னாரு?"

நெரை என்பது ஒவ்வொருவருக்கும் பறிக்கக் கொடுக்கும் தேயிலை வரிசை. எங்கள் துறையில் ஏழு பேரும் எந்த நெரையில் நின்றோம் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் சொல்லிவிட்டேன்.

"தட்டச்சு செய்தது நான். மேலே இருந்த செல்வராணி பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டவன் நான்தான். 'என் அம்மா' என்று வந்த இடங்களையெல்லாம் மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஒரு இடத்தை விட்டுவிட்டேன்."

"மறந்துட்டீங்களா சார்? இல்ல வேணும்னே விட்டீங்களா?" என்று செல்வராணி கேட்டாள்.

இன்றுவரை எனக்கே தெரியாது. அதையே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அது எனக்குத் தகும்.

"இதுல கையெழுத்துப் போடமாட்டேன் சார். நீங்க வெறுங்கையோட போனா ஒங்க வேல போயிருமா?"

"போகலாம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலைவரின் கடிதத்தைத் திருப்பி, பின்பக்க வெள்ளையில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். நேர்காணல் எடுத்ததும் எழுதியதும் தானே என்று முதல் வரி. அடுத்து, பேசிய பதினான்கு பெண்களின் பெயர்கள். மாரியாயி வாசலில் நின்று குரல் கொடுக்க, பக்கத்து அறைகளிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தமிழில் கையெழுத்திட்டவர் ஆறு பேர், சிங்களத்தில் இட்டவள் ஒருத்தி, மற்றவர்கள் பெருவிரலை வைத்தார்கள். அமெரிக்காவுக்கா போகிறது என்று பார்வதி கேட்டுவிட்டு, விரலை இன்னொரு முறை நன்றாக அழுத்தினாள்.

கடைசியில் செல்வராணி பேனாவை நிறுத்தினாள். "பெரிய சார் தலைப்பு வச்சாரு. ஒரு புத்தகம் இரவல் குடுத்தாரு."

"அது ரெண்டு பிடி. போடு" என்றார் மாரியாயி.

போட்டாள். 'சில்லறை வேலைகளில் உதவிய பேராசிரியருக்கு நன்றி.' அந்த அடிக்குறிப்பை அவள் பார்த்ததே இல்லை, நான்தான் வார்த்தை மாறாமல் எடுத்துக் கொடுத்தேன். ஏழு ஆண்டில் துறைக்கு நான் செய்த ஒரே கல்விப் பணி அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஒங்க பேரு சார்?"

"வேண்டாம்மா. நான் பறிக்கவும் இல்லை, நிறுக்கவும் இல்லை."

மூன்றாம் நாள் காலை பெல்மதுளைத் தபால் நிலையத்தில், பதிப்பாசிரியர் அம்மாளுக்கு அந்தத் தாளை அனுப்பும் உறையை நீட்டினேன். அங்கிருந்த சிங்களப் பெண் புரட்டிப் பார்த்து, பின்னால் அனுப்புநர் விலாசம் இல்லையே என்றார். கூட வந்திருந்த நானா மொழிபெயர்த்தார். பதில் துறைக்கு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று நானாவுக்குத் தெரியும். அவர் பேனாவை வாங்கி, செல்வராணியின் பெயரை எழுதி, அதன் கீழே தன் கடை விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

"சாப்பாட்டுக் கட எண்டு பாப்பாங்களா சேர்?"

"அவர்கள் பார்க்க மாட்டார்கள். நாங்கள்தான் பார்ப்போம்" என்றேன்.

ஊர் திரும்பியதும் தலைவர் கையெழுத்தைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சர்வதேசக் கள ஆய்வு மலரில் இடம்பெறவில்லை. அடுத்த கல்வியாண்டில் நானும் துறையில் இடம்பெறவில்லை. இப்போது ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் கிராமர் நடத்துகிறேன். அங்கே சாதனை மலர் கிடையாது. அதனால் நிம்மதியாக இருக்கிறேன் என்று சொன்னால் பொய். மாதக் கடைசியில் வருத்தமாகத்தான் இருக்கும்.

ஓராண்டு கழித்துப் புத்தகம் பிஸ்கட் டின்னுக்குள் அடங்காமல் வந்து சேர்ந்ததாக நானா எழுதினார். கட்டுரைக்கு மேலே செல்வராணியின் பெயர், கீழே பதினான்கு பெண்களின் பெயர்கள், கடைசியில் அந்த ஒற்றை வரி. அதே சமயம் பழைய சக ஆசிரியர் ஒருவர் எங்கள் துறையின் புதிய மலரை எனக்கு அனுப்பிவைத்தார். முதல் பக்கத்தில் தலைவர். தோளில் சால்வை, கழுத்தில் ரோஜா மாலை. 'தம் மாணவியின் கட்டுரையை அமெரிக்காவில் அச்சேற்றிய பெருமைக்காகத் துறைத்தலைவருக்குப் பாராட்டு விழா.' விழாப் படங்கள் நாலு பக்கத்துக்கு இருந்தன. செல்வராணியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்து, கடை விலாசத்துக்கு அனுப்பினேன். மூன்றே வாரத்தில் செல்வராணியிடமிருந்து பதில் வந்தது. அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு எழுதிப்போடும்படி அந்தப் பதிப்பாசிரியர் அம்மாளே சொல்லியிருக்கிறாராம், விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். கடிதத்தின் கடைசியில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள்.

'படத்தை அம்மாவிடம் காட்டினேன் சார். மாலையையும் சால்வையையும் ரொம்ப நேரம் பார்த்தாள். "நாம ரெண்டு பிடிதானடி போட்டோம், அதுக்குள்ள இவருக்குக் கூடை ரொம்பிருச்சா?" என்று கேட்கிறாள்.'